நைட் ஷிப்ட்காரன் மகள்

தாமோதரன் கண் விழித்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. பாயில் ஸ்கூல் பை இருந்தது, மகள் நேத்ரா இல்லை.

தங்கச் சுரங்கத்தை மூடிச் சில மாதங்கள் ஆகியும் அவன் உடம்புக்கு மட்டும் யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. வருஷக்கணக்கில் நைட் ஷிப்ட் பார்த்த உடம்பு. ராத்திரியெல்லாம் கொட்டக்கொட்ட முழித்திருக்கும். பகலில் சோறு உள்ளே போனதும் ஷாஃப்ட் குழியில் ஆள் இறக்கும் கேஜ் கூண்டு இறங்குகிற மாதிரி தூக்கத்தில் இறங்கிவிடும்.

இன்றைக்கா இறங்க வேண்டும்?

போன வருஷம் குணசுந்தரியோடு விவாகரத்து ஆனபோது பிள்ளை அம்மாவோடு, மாதாமாதம் ஜீவனாம்சம் அப்பாவின் பொறுப்பு என்று தீர்ப்பானது. வேலை போனதும், பாதிதான் கொடுக்க முடியும் என்று தாமோதரன் மனு போட்டான். குணசுந்தரி ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. விடியற்காலை ரயிலில் பெங்களூர் கார்மெண்ட்ஸுக்குப் போகிறவள் அவள். பள்ளி விட்டதிலிருந்து அவள் திரும்பும்வரை பிள்ளையை அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் பார்ப்போம் என்றார் ஜட்ஜ். சரிப்படவில்லையென்றால் நேத்ரா பெங்களூருக்கு, மாமா வீட்டுக்கு. வருகிற திங்கட்கிழமை மறுபடி கோர்ட்.

குழாயடியில் நேத்ரா இல்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியவதி அக்காவும் பார்க்கவில்லையாம். தாமோதரன் செருப்பில்லாமல் ஓடினான். பழைய ஷாஃப்டைச் சுற்றி வேலி இருக்கிறது என்று மனசு தேற்றியது. வேலியில் எங்கெங்கே ஓட்டை என்பதும் அதே மனசுக்குத் தெரிந்திருந்தது.

தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைட் மண்மேட்டுக்குப் பின்னால், மழை அரித்த பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, அவள் தனியாக அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். அவன் வாரித் தூக்கியதில் கற்கள் பள்ளத்துக்குள் உருண்டன. கீழே விழுந்த சத்தம் வர நேரமாயிற்று.

குணசுந்தரி வந்து இறங்கும் கோரமண்டல் ஸ்டேஷன்வரை வழியெல்லாம் பொய் தேடினான். சுரங்கத்தில்கூட அவனுக்கு இவ்வளவு செழிப்பாகத் தங்கம் ஓடும் ரீஃப் கிடைத்ததில்லை.

ரயிலிலிருந்து இறங்கிய குணசுந்தரி இருவர் காலிலும் அப்பியிருந்த வெள்ளை மண்ணைப் பார்த்தாள். விவாகரத்தோடு ‘இன்னாங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது.

“இன்னா இது? மண்ணுமேட்டுக்கு இட்டுக்கினு போனியா?”

எடுத்து வைத்த பொய் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

“நான் தூங்கிட்டேன். அது தனியாப் போயிருக்குது. பள்ளத்தோரம் இருந்திச்சி.”

குணசுந்தரி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஏன் போனாய் என்று உலுக்கினாள்.

“அப்பா தூங்கினா சத்தம் போடக் கூடாது, தூரமாப் போயி ஆடுன்னு நீதானேம்மா சொல்லுவே?” என்றாள் நேத்ரா. “அப்பாக்கு நைட் ஷிப்ட்டுன்னு.”

சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லாத் தாய்மாரும் சொல்வதுதான். ஒற்றை அறையில் பகலில் புருஷன் தூங்க வேண்டுமென்றால் பிள்ளைகள் வெளியேதான் போக வேண்டும். குணசுந்தரியின் கை தளர்ந்தது. ரயில் மாரிகுப்பத்துக்குக் கிளம்பிப் போனதும் தாமோதரன் பக்கம் திரும்பினாள்.

“கோர்ட்ல நடந்தத நடந்தபடி சொல்லுவேன்.”

“சொல்லு.”

“ஜட்ஜ்கிட்ட இன்னொரு மாசமும் கேப்பேன். ஆனா உன் வூட்ல வாணாம். ஸ்கூல் உட்டா புள்ள பாக்கியவதி அக்கா வூட்டுக்குப் போவட்டும். நீ அங்க வந்து, அந்தக்கா கண்ணு முன்னாடி ஒக்காரு. ராத்திரில தூங்கக் கத்துக்கினு அப்புறம் உன் வூட்டுக்கு இட்டுக்கினு போ.”

ஒக்காந்துகினே தூங்கவும் எனக்கு வருமே என்ற ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. தாமோதரன் அதை விழுங்கிவிட்டுத் தலையாட்டினான்.