கடைசிப் பேருந்து ஒன்றரை மணிக்கு

கிரீட் பச்சைக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹில்டாவின் சமையலறைக்குள் நுழைந்தபோது, தான் எப்போதும் உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தாள்.

“இவதான் வேர்லா,” என்றாள் ஹில்டா. “முழங்கால் ஆபரேஷனுக்கப்புறம் உடற்பயிற்சிக்குப் போனேன்ல, அங்க பழக்கம். இந்த வருஷம் நம்மகூட வர்றா.”

‘வரட்டுமா’ என்று கேட்கவில்லை. ‘வர்றா’ என்று முடித்துவிட்டாள்.

சொந்த ஊரான மெஹலன் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதி ஓய்வுபெற்றவள் கிரீட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹில்டாவின் கணவர் இறந்த மறுவருடம் இருவரும் சேர்ந்து ஒரு வாரம் லிஸ்பனுக்குப் போனார்கள். அதிலிருந்து பதினோரு வருடமாக, பிப்ரவரியில் இந்த மேசையில் உட்கார்ந்து ஊரை முடிவுசெய்வது, ஜூனில் கிளம்புவது என்று ஆகிவிட்டது. எந்த ரயில், எந்த நடைமேடை, எந்த அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, எந்தத் தேவாலயத்தில் தோளை மூட வேண்டும் என்று எல்லாம் கிரீட்டின் கோப்பில் இருக்கும். ஹில்டாவுக்குச் சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது மட்டுமே வேலை. அதை அவள் சந்தோஷமாகத்தான் செய்துவந்தாள்; அப்படித்தான் கிரீட் நினைத்திருந்தாள்.

இந்த வருடம் சிசிலி. பலேர்மோவில் வீடு எடுத்துத் தங்கி, அங்கிருந்து தினம் ஓர் ஊர். கிரீட் தாள்களைப் பரப்பினாள். வேர்லா எட்டிப் பார்த்தாள்.

“ஏழேகாலுக்கு எழுந்திரிக்கணுமா? இது லீவா, பட்டாளமா?”

ஹில்டா மேசையைத் தட்டிச் சிரித்தாள். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பைக் கிரீட்டால் மறக்க முடியவில்லை.

பலேர்மோ வீட்டில் இரண்டு அறைகள். காலையில் இருவருக்கும் முழங்கால் பயிற்சி இருக்கிறது என்று ஹில்டாவும் வேர்லாவும் பெரிய அறையை எடுத்துக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் எண்ணிக்கொண்டே காலை மடக்குவதும், நடுவில் எண்ணிக்கையை விட்டுச் சிரிப்பதும் கிரீட்டுக்குக் கேட்கும். சந்தையில் நடைபாதை இரண்டு பேர் அகலம்தான். அவர்கள் கை கோத்துக்கொண்டு முன்னால் போவார்கள், இவள் கோப்புப் பையோடு பின்னால். எந்தக் கடைக்காரனாவது கத்தினால் இருவரும் “வாத்து!” என்று ஒன்றாகச் சொல்லிக்கொண்டு குலுங்குவார்கள்.

“அதென்னடி வாத்து?” என்று ஒருமுறை கேட்டாள்.

“அது எங்க பயிற்சி வகுப்புல... விடு, சொன்னா உனக்குச் சிரிப்பு வராது,” என்றாள் ஹில்டா.

மூன்றாம் நாள் சாயங்காலம், மறுநாள் செஃபலூவுக்கு ரயில் என்று கிரீட் சொல்ல வாயெடுத்தபோது, வேர்லா தன் கைப்பேசியை மேசை நடுவில் வைத்தாள்.

“எல்லாரும் போற கடற்கரைக்கு நாமளும் போகணுமா? மலைமேல மோந்தெஸ்பினான்னு ஒரு ஊர். ரொட்டிக்காரி சொன்னா. சின்ன ஊர், பழைய தேவாலயம், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. காலையில ஒன்பது மணிக்கு பஸ். திரும்ப ஒன்றரைக்கு ஒண்ணு, அஞ்சு நாப்பதுக்கு ஒண்ணு.”

“நாளைக்கு இங்க குடியரசு தினம்,” என்றாள் கிரீட்.

“அதையும் பார்த்துட்டேன். இதோ, ரெண்டு பட்டியல் இருக்கு. ‘ஃபெரியாலே’ன்னு ஒண்ணு, ‘ஃபெஸ்திவோ’ன்னு ஒண்ணு. ஃபெரியான்னா விடுமுறைதானே? நான் மூணு மாசம் இத்தாலியன் படிச்சவ. நாளைக்கு ஃபெரியாலே பட்டியல்.”

கிரீட் பட்டியலைப் பார்த்தாள். ஃபெரியாலே என்றால் வேலை நாள். கேட்பதற்கு நேர்மாறாக ஒலிக்கும் சொல். ஐந்து வருடத்துக்கு முன் பொலோன்யாவில் தானே அதில் ஏமாந்து, அதற்குப் பிறகு மறக்காமல் வைத்திருந்தாள். விடுமுறை நாளுக்கு உரியது ‘ஃபெஸ்திவோ’ பட்டியல். அதில் திரும்பி வருவதற்கு ஒன்றரை மணி வண்டி ஒன்றுதான்.

சொல்ல வாயெடுத்தாள். அப்போது ஹில்டா சொன்னாள்: “ஒரு நாள் வேர்லா இஷ்டத்துக்குத்தான் போவோமே கிரீட். உன் திட்டம் எங்க ஓடிப் போகுது?”

கிரீட் வாயை மூடிக்கொண்டாள்.

படுக்கையில் கிடந்து கணக்குப் போட்டாள். மாலையில் மூவரும் நிறுத்தத்தில் நிற்பார்கள். வண்டி வராது. வேர்லாவின் முகம் சுண்டிப்போகும். ஹில்டா திரும்பி, எப்போதும்போலத் தன்னைப் பார்ப்பாள். அப்போது கோப்பிலிருந்து வாடகைக்காரின் தொலைபேசி எண்ணை எடுப்பது. யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. கார் எண்ணை எழுதி வைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

மோந்தெஸ்பினாவில் பேண்டு வாத்தியம் முழங்கியது. போரில் இறந்தவர்களின் நினைவுக்கல்லுக்கு மேயர் மாலை வைத்துக்கொண்டிருந்தார். வேர்லா ஆடிக்கொண்டே, “பாருங்க, நமக்குத்தான் வரவேற்பு!” என்றாள். பாலாடைக்கட்டி விற்றவரிடம் தன் அரைகுறை இத்தாலியனில் பேசி அவரைச் சிரிக்க வைத்தாள். ஹில்டாவின் முகம் சிவந்து பளபளத்தது. கிரீட்டோடு போன எந்த ஊரிலும் அவள் இவ்வளவு சாப்பிட்டதில்லை. ஒன்றேகால் மணிக்குக் கிரீட் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரை வண்டி நிறுத்தத்தில் வந்து நின்றதையும், இரண்டு கிழவர்கள் ஏறியதையும், அது வளைவில் இறங்கி மறைந்ததையும் உணவகத்து நாற்காலியில் இருந்தபடியே பார்த்தாள். வேர்லா அந்த நேரம் ஹில்டாவின் தட்டில் தன் மீனில் பாதியை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நாற்பது ஆயிற்று. ஆறேகால் ஆயிற்று. காப்பிக்கடைக்காரன் கதவை இழுத்து மூடும்போது, பெண்கள் மூவரும் நிற்பதைக் கண்டு, “இன்னைக்கு ஃபெஸ்திவோ ஆச்சே!” என்று கையை விரித்தான்.

வேர்லாவின் முகம் கிரீட் நினைத்தபடியே சுண்டிப்போனது. ஆனால் ஹில்டா கிரீட்டின் பக்கம் திரும்பவில்லை. வேர்லாவின் தோளைத் தட்டி, “வாத்து,” என்றாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

கிரீட் கார் எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். விடுமுறை நாளில் அங்கேயும் யாரும் எடுக்கவில்லை. அவள் கணக்கில் இது இல்லை.

நெடுஞ்சாலைக்குப் போனால் ஏதாவது வண்டி கிடைக்கும் என்று காப்பிக்கடைக்காரன் கையைக் காட்டினான். நான்கு கிலோமீட்டர் இறக்கம். முதல் கிலோமீட்டரில் ஹில்டா பேசிக்கொண்டு வந்தாள். இரண்டாவதில் பேச்சு நின்றது. பிறகு சாலையோரத் தடுப்புச் சுவரைப் பிடித்துப் பிடித்து, ஆபரேஷன் செய்த காலைப் பக்கவாட்டில் வைத்து இறங்கினாள். வேர்லா ஒரு கையைத் தாங்க, கிரீட் மறு கையைத் தாங்கினாள். ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கை தன் கையை இறுக்குவது கிரீட்டுக்குத் தெரிந்தது. அவள் நான்கு மாதமாக ஏங்கிய கை. இப்படிக் கிடைத்தது.

ஒரு வளைவில் ஹில்டா கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வீங்கி, காற்சட்டைத் துணி இறுகியிருந்தது. வேர்லா அழுதாள்.

“எல்லாம் என்னாலதான். மூணு மாசம் படிச்சிட்டு பெரிய இவளாட்டம்... ஹில்டா, என்னைத் திட்டேன்.”

“உன்னால இல்ல,” என்றாள் கிரீட். “எனக்கு நேத்தே தெரியும். ஃபெரியாலேன்னா வேலை நாள்னு தெரியும். ஒன்றரை பஸ் போறதையும் பார்த்தேன்.”

வேர்லா கண்ணைத் துடைப்பதை நிறுத்தினாள். கீழே பள்ளத்தாக்கில் ஆட்டு மணிகள் கேட்டன.

“தெரிஞ்சும் சொல்லலையா?” என்றாள் ஹில்டா.

“சொல்லல.”

“ஏண்டி?”

கிரீட் குனிந்து தன் கோப்புப் பையைச் சரிசெய்தாள். ஹில்டா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலணியின் நாடாவைத் தளர்த்தத் தொடங்கினாள்.

பீச் பழப் பெட்டிகளும் தக்காளியும் ஏற்றிய மூன்றுசக்கர வண்டி ஒன்று வந்து, ஓட்டுநர் பக்கத்தில் ஹில்டாவுக்கு மட்டும் இடம் கொடுத்தது. மற்ற இருவரும் மிச்சத் தூரத்தை நடந்தார்கள். கீழே பெட்ரோல் நிலையத்தில் ஒரு குடும்பம் மூவரையும் பலேர்மோ வரை கொண்டுவந்து விட்டது.

மறுநாள் காலை ஐஸ் பையும் வலிக் களிம்பும் வாங்க மருந்துக்கடை வரிசையில் கிரீட்டும் வேர்லாவும் நின்றார்கள். முந்தைய நாள்வரை கிரீட்டிடம் ‘நீ’ என்று பேசிய வேர்லா இப்போது ‘நீங்க’ போட்டாள்.

“என்மேல உங்களுக்கு அவ்வளவு கோபமா?”

“கோபம் இல்ல. பொறாமை.” அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டதில் கிரீட்டுக்கே ஆச்சரியம். “பதினோரு வருஷம் எல்லாத்தையும் நான்தான் பண்ணினேன். அவ என்கூட ஒருநாளும் இப்படிச் சிரிச்சதில்ல.”

வேர்லா வரிசையில் ஓர் அடி நகர்ந்தாள். “வகுப்புல அவ வாயைத் திறந்தா உங்க பேருதான். கிரீட் கிராக்கோவுல இதைக் கண்டுபிடிச்சா, கிரீட் இருந்தா ரயில் தப்பாது. கேட்டுக் கேட்டு எனக்கு எரியும். நானும் ஒரு ஊரைக் கண்டுபிடிச்சுக் காட்டணும்னுதான் அந்த ரொட்டிக்காரியைப் பிடிச்சு விசாரிச்சேன்.” பிறகு அவள் திரும்பிப் பார்த்தாள். “ஆனா நான் யாரையும் மலைமேல நிக்க வைக்கல.”

கிரீட் தலையைக் குனிந்துகொண்டாள். அவமானம் முகத்தைச் சுட்டது. அதற்கு அடியிலேயே, ஹில்டா தன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்ற சந்தோஷமும் குறுகுறுத்தது. அதை அடக்க முடியாமல் இன்னும் வெட்கமாக இருந்தது.

வீட்டில் ஹில்டா தன் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, ஐஸ் பையைக் கட்டிக்கொண்டாள். கிரீட் கட்டிலருகில் நின்று, “மன்னிச்சுக்கோ ஹில்டா,” என்றாள்.

“பார்ப்போம்,” என்றாள் ஹில்டா. “அந்த செஃபலூவுக்கு ரெண்டு பேருமா போய்ட்டு வாங்க.”

“உன்னை விட்டுட்டா?” என்றார்கள் இருவரும்.

“ஆமா, என்னை விட்டுட்டுத்தான். ஒருத்தி தட்டுல மீனை வைக்கிறா, ஒருத்தி கடிகாரத்தைப் பார்க்கறா. நடுவுல நான் என்ன பொம்மையா? ஒரு நாளாவது நிம்மதியா படுத்துக் கிடக்கறேன். போங்கடி.”

போனார்கள். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தார்கள். செஃபலூவில் கிரீட் கோப்பில் இருந்தபடி தேவாலயத்தைப் பார்த்தாள். வேர்லா கூடவே வந்தாள், சரியான நேரத்துக்கு வந்து நின்றாள். மத்தியானம் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து, கிரீட் கடலைப் படமெடுத்து ஹில்டாவுக்கு அனுப்பினாள். சற்றுத் தள்ளி வேர்லாவும் அதையே செய்வதைக் கண்டாள். இருவரும் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கால்மணி நேரம் போயிற்று.

“உங்களுக்குப் பதில் வந்துச்சா?” என்றாள் வேர்லா, கடலைப் பார்த்தபடி.

“இல்ல. உனக்கு?”

“இல்ல.”

கிரீட்டுக்கு மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது. பக்கத்துக் கடையில் இரண்டு ஐஸ்கிரீம் வாங்கி வந்து, ஒன்றை வேர்லாவிடம் நீட்டினாள். வேர்லா யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.