எட்டு புள்ளி இரண்டு

அக்கா மருத்துவமனைக்குப் போகும்போது என்னிடம் ஒப்படைத்தது இரண்டைத்தான்: அவள் கணவரான மாமாவையும் மீன் தொட்டியையும். மாமாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. தொட்டியைப் பற்றி நோட்டில் பதினான்கு பக்கம்.

மீன் தொட்டி என்றால் அவளுக்குக் கோபம் வரும். மீன் இரண்டுதான், மற்றதெல்லாம் பவளம். கடலுப்பு கரைத்த தண்ணீர், மேலே நீல விளக்கு, உள்ளே பாறைகள், பாறை மேல் உயிருள்ள பவளங்கள். நடுவில் நிற்பதை 'கொம்பு' என்று கூப்பிடுவாள். நான்கு வருடத்துக்கு முன் விரல் நகம் அளவுத் துண்டாக வந்தது. இப்போது கிளை கிளையாகப் பிரிந்து, இரண்டு கையாலும் அணைக்கிற அளவு. நுனியெல்லாம் ஊதா.

"என் சாப்பாட்டுல உப்பு போட மறந்தாலும் மறப்பா, அதுக்கு மறக்க மாட்டா" என்பார் மாமா.

"அது குறை சொல்லாம சாப்பிடுதே" என்பாள் அக்கா.

எனக்கு அவள் வைத்த பெயர் 'சந்தேகம்'. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பவள் நான். பகலில் கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் ஆய்வுக்கூட உதவியாளர் படிப்பு. "நீ மூணு தடவை பாக்குறவ. அதனாலதான் உன்கிட்ட விட்டுட்டுப் போறேன். நான் வர்ற வரைக்கும் கொம்பு உயிரோட இருக்கணும், அவ்ளோதான்" என்றாள். படம் மட்டும் அனுப்பக் கூடாதாம். பார்த்தால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடத் தோன்றுமாம்.

தினமும் காலையில் தொட்டித் தண்ணீரின் காரத்தன்மையைப் பார்க்க வேண்டும். பவளம் தன் எலும்பைக் கட்டிக்கொள்ள அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதனால் எண் தினமும் கொஞ்சம் இறங்கும். இறங்கிய அளவுக்குச் சோடாக் கரைசல் ஊற்றி, பழையபடி எட்டு புள்ளி இரண்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து நான்கு சொட்டு மருந்து விட்டால் நீலமாகும். பிறகு இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எந்தச் சொட்டில் நீலம் ரோஜா நிறமாகிறதோ அங்கே நிறுத்தி, எண்ணைப் படிக்க வேண்டும். அந்த ஒரு சொட்டில்தான் என் உயிர் போகும்.

"மாமா, இது நீலமா, ரோஸா?"

"உங்கக்கா துணி கலரையே தப்பா சொல்லி நாலு வருஷமா திட்டு வாங்குறேன். என்கிட்ட வந்து கேக்குறியேம்மா."

ஏழு மணிக்கு அக்காவின் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"எவ்ளோ?"

"ஏழு புள்ளி அஞ்சுக்கா. ஊத்தி எட்டு புள்ளி ரெண்டுக்குக் கொண்டு வந்துட்டேன்."

"நல்லா சாப்பிடுது" என்பாள். அவள் குரலில் அன்றைக்கு இருக்கிற தெம்பு எல்லாம் அந்த இரண்டு சொல்லில் இருக்கும்.

ஐந்தாவது வாரம் செவ்வாயும் புதனும் எனக்குச் செய்முறைத் தேர்வு. விடியும்போதே கிளம்பிவிட்டேன். தண்ணீரைப் பார்க்கவில்லை, கரைசல் ஊற்றவும் இல்லை. போன் வந்தபோது பேருந்தில் இருந்தேன். எண் வழக்கம்போல இறங்கியிருந்தது, வழக்கம்போல ஊற்றி எட்டு புள்ளி இரண்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்றேன். இரண்டு நாளும்.

வியாழன் காலை பார்த்தேன். ஆறு புள்ளி இரண்டு. திரும்பப் பார்த்தேன், ஆறு புள்ளி நான்கு. மூன்றாவது முறை ஆறு புள்ளி ஒன்று. நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: 'எவ்வளவு இறங்கியிருந்தாலும் ஒரு நாளில் ஒன்றரைக்கு மேல் ஏற்றாதே.' அந்த வரி எனக்கு மனப்பாடம். ஆனால் மணி ஆறு ஐம்பது. பத்து நிமிடத்தில் போன் வரும். பொய் சொல்லாமல் எட்டு புள்ளி இரண்டு என்று சொல்ல ஒரே வழி, அதை எட்டு புள்ளி இரண்டாக ஆக்கிவிடுவதுதான். அதற்குத் தேவையான கரைசல் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றினேன்.

வெள்ளி மாலை ஊதா நுனிகள் வெளுத்திருந்தன. சனிக்கிழமை அடியிலிருந்து தோல் உரிய ஆரம்பித்தது. நனைந்த காகிதம்போல் அது தண்ணீரில் மிதந்து போனது. பாதித் தண்ணீரை மாற்றினேன். நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். அக்காவிடம் வழக்கமான எண்களைச் சொன்னேன். அந்த வாரம் மாமாவும் மருத்துவரின் அறையிலிருந்து வந்து துடைத்த செருப்பையே துடைத்துக்கொண்டிருந்தார். அவளிடம் எப்படிச் சொல்வது?

ஞாயிறு காலை எண் எட்டு புள்ளி இரண்டு. ஞாயிற்றுக்கிழமை பட்டினி நாள். வாரத்தில் அந்த ஒரு நாள் கரைசல் ஊற்றக் கூடாது. திங்கள் காலை மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் எட்டு புள்ளி இரண்டு. அரைச் சொட்டுகூட மாறவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு உண்மையான நல்ல எண். போன் வருவதற்குள் நானே கூப்பிட்டேன்.

"அக்கா, எட்டு புள்ளி ரெண்டு!"

"ஊத்துறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடிதான்க்கா. நேத்தும் இதே. அப்படியே நிக்குது."

எதிர்முனையில் யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிப் போகும் சத்தம் கேட்டது.

"நேத்து ஊத்தினியா?"

"பட்டினி நாளாச்சேக்கா."

"அப்போ யாரும் சாப்பிடல" என்றாள் அக்கா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயிரோடு இருந்தால் எண் இறங்கியிருக்கும். நான் சொன்ன பொய்கள் எல்லாம் அவளிடம் எடுபட்டன. ஒரே ஒரு உண்மைதான் காட்டிக்கொடுத்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் தேதி வரிசைகூடத் தவறியது. அவள் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"தோல் உரிஞ்ச வெள்ளைக் கோட்டுக்கு மேல நிறம் இருக்கா?"

"மேல் கிளைல கொஞ்சம் இருக்குக்கா."

"ஒரு விரற்கடை மேலேயே வெட்டு. வேற கல்லுல ஒட்டு. மூணு துண்டு எடு, ஒண்ணாவது நிக்கும். அழுதுகிட்டே வெட்டாதே, கை நடுங்கும்."

மூன்று துண்டு வெட்டி ஒட்டினேன். இரண்டு மறுநாளே வெளுத்தன. ஒன்று, நகம் அளவுதான், நின்றது.

வியாழன் மாலை மருத்துவமனையில் கையுறையும் முகமூடியுமாக அவள் கட்டில் பக்கத்தில் நின்றேன். மாமா ஜன்னலோரம்.

"இன்னிக்கு எட்டு புள்ளி ஒண்ணு" என்றேன். "புள்ளி ஒண்ணு இறங்கியிருக்குக்கா."

"எனக்காக இறக்கினியா?"

"சத்தியமா இல்ல. மூணு தடவை பாத்தேன்."

"நகம் அளவு துண்டு அவ்ளோ சாப்பிடாதுடி. உன் சொட்டுல பிழை." சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. இருமல் அடங்கியதும் மாமாவின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "உங்க மாமா தினமும் என் ரத்தத்துல வெள்ளையணு ரெண்டாயிரம்னு சொல்றாரு. பத்து நாளா அதே ரெண்டாயிரம். ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல."

மாமா ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"சந்தேகம், கட்டில் காலடியில தாள் தொங்குது பார். நீ படி."

மாமா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் தலை அசைந்ததா, நடுங்கியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தாளை எடுத்தேன். வரியில் விரல் வைத்துப் படித்தேன். மூன்று முறை.

"நானூறுக்கா."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். "சரி. உன் நோட்டுல எழுது. தண்ணி எண்ணுக்குப் பக்கத்துலயே எழுது. நாளைலேருந்து ரெண்டையும் நீயே சொல்லு."

மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கையை நீட்டினாள். அவர் வந்து பிடித்துக்கொள்ளச் சற்று நேரமானது.

மறுநாள் மாலை கட்டிலருகே தாளைப் படித்து இரண்டும் சொன்னேன். அதற்கு மறுநாளும். நோட்டில் பதினோரு நாட்களுக்கு எதிரே இரண்டு எண்கள் இருக்கின்றன. பன்னிரண்டாம் நாளிலிருந்து ஒன்றுதான்.

இப்போதும் ஆறரைக்குக் குப்பியை எடுக்கிறேன். நீலமா ரோஜாவா என்பதில் இன்னமும் எனக்குக் குழப்பம்தான். ஏழு மணிக்கு மாமா கூடத்துக்கு வந்து, தொட்டியைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் கேட்கிறார்:

"எவ்ளோ?"

இருப்பதைச் சொல்கிறேன்.