வரிசையின் கடைசி ஆள்

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஹோரஸ் பின்னாக்கின் மகளுக்குக் கல்யாணம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் தேவாலயத்துக்குள் நடப்பேன் என்று அந்தப் பெண் கடிதம் எழுதிவிட்டாள். அப்பனோ எங்களோடு ஜெயிலில். அனுமதி கேட்டபோது தலைமை வார்டர் பிராட்பென்ட் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நாங்கள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சரி, போய்யா என்று அவரை விட்டுவிட்டு நாங்களே ஏற்பாடு செய்தோம். மதியம் சலவை வேன் வரும். பின்பாதி வாசலுக்கு உள்ளேயும், முன்பாதி தெருவிலுமாக நிற்கும். ஓட்டுநர் தேநீருக்குப் போனதும் ஹோரஸ் வேனிலிருக்கும் அழுக்குத்துணிக் கூடைக்குள் இறங்கிவிட வேண்டும். சிறை உடுப்புக்கு அடியில் எங்கிருந்தோ சுட்ட கோட்டு சூட்டு போட்டிருந்தான். ஒரே காலையில் ஊதிப்போனவன் போல இருந்தான்.

வேன் பக்கத்தில் அவன் நின்றான். காவலுக்கு நான் அவன் பின்னால் நின்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். போர் முடிந்து மூன்று வருடம் ஆகியும் முட்டைக்கு வரிசை, சோப்புக்கு வரிசை என்று கிடக்கிற நாட்டில், ஒருவன் பின் ஒருவன் நிற்கலாமா?

மூன்றாவதாகக் கிழவன் கத்பர்ட் வந்து ஒட்டிக்கொண்டான்.

"எதுக்குப்பா நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல, போய்யா."

"ஒண்ணுமில்லாததுக்கு எவனாவது நிப்பானா? நல்ல சரக்காத்தான் இருக்கும்."

பத்தே நிமிடத்தில் நாற்பது பேர். வரிசை வாசலைத் தொட்டது. தெருவில் போன பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, பையும் கையுமாகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஆரஞ்சு என்றாள் ஒருத்தி. வாசல் வார்டர் தன் மனைவிக்கே ஆள் அனுப்பிவிட்டார்.

மணி இரண்டு இருபது. ஓட்டுநர் போய்விட்டானா என்று பார்க்க ஹோரஸ் நாலு அடி நகர்ந்தான். என் கால், பாழாய்ப்போன கால், பழக்கத்தில் ஓரடி முன்னே போய்விட்டது. அவன் திரும்பி வந்து எனக்கு முன்னால் நின்றான்.

"அநியாயம்! நடுவுல புகுறான்யா!" என்று கத்பர்ட் அலறினான்.

முற்றத்திலிருந்து பிராட்பென்ட் பாய்ந்து வந்தார். எதற்கு வரிசை என்று அவர் கேட்கவே இல்லை. முகம் மட்டும் சிவந்தது.

"வெட்கமா இல்ல உனக்கு?"

"அய்யா, நான் திருடன்தான், ஒத்துக்கிறேன். வரிசையில முந்துறவன் இல்லய்யா!" ஹோரஸுக்கு நிஜமாகவே குரல் உடைந்தது.

"கடைசிக்குப் போ!"

"கடைசி வெளிய இருக்குதுங்கய்யா."

"எங்க இருந்தா எனக்கென்ன? லண்டன்ல இருந்தாலும் போய் நில்லு!"

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஹோரஸ் நடந்தான். வாசல் வார்டர் தடுத்தார்.

"கடைசிக்குப் போகச் சொல்லிட்டாருங்க."

"முந்தினா அதான் மரியாதை. போ, போ."

வேனின் மறைவில் சிறை உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோட்டும் சூட்டுமாய் அந்தப் பெண்களுக்குப் பின்னால் போய் ஒழுங்காக நின்றான். வரிசையின் வால் பஸ் நிறுத்தம் வரை போயிருந்தது. இரண்டரை மணி பஸ் வந்தது.

பஸ் ஜன்னலில் அவன் முகம் வாசலைக் கடந்தபோதுதான் பிராட்பென்டுக்கு உறைத்தது.

"பிடிங்கய்யா அவன!"

வரிசையில் நாலு வார்டர்களும் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. அசைந்தால் இடம் போய்விடுமே.

ஞாயிறு காலை அவனே திரும்பி வந்து கதவைத் தட்டினான். "நான் ஓடலீங்க, நீங்கதான அனுப்புனீங்க" என்றான். பிராட்பென்ட் பதிவேட்டைத் திறந்தார், யோசித்தார், மூடிவிட்டார்.

அறைக்கு வந்ததும் நான் அவனைப் பிடித்து உலுக்கினேன். "சொல்லித் தொலைடா! உள்ள நடந்தாளா?"

"நடந்தாண்ணே. கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. என்னோட கை. அவதான் விடாம பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா."