பட்டினிப் பாத்தியில் ஆறு செடிகள்

மூன்றாம் பாத்தி மக்காச்சோளத்துக்கு நான் வைத்த பெயர் பட்டினிப் பாத்தி. மற்ற பாத்திகளுக்கு யூரியா உண்டு. இதற்கு ஒரு பிடிகூடக் கிடையாது. யூரியா தரும் தழைச்சத்து இல்லாமல் செடி எப்படி வாடுகிறது என்று காட்டினால்தான் என் ஆராய்ச்சி எடுபடும், தற்காலிக வேலையும் நிரந்தரமாகும். அதைப் பார்க்கத்தான் எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையின் இயக்குநர் அன்று பத்து மணிக்கு வருவதாக இருந்தார்.

இரண்டு வாரப் பயிற்சி முடிந்து திரும்பி, ஒன்பது மணிக்குப் போய்ப் பார்க்கிறேன். வெளிறி நின்ற கூட்டத்தின் நடுவே ஆறு செடிகள் மட்டும் கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கின்றன!

“வாட்ச்மேன் அண்ணே! யாரு கைவரிசை இது?”

காவலாளி தொப்பியைக் கழற்றினார். பொய் சொல்லவே தெரியாத மனிதர். அதுவே எனக்கு எரிச்சல்.

“காலி யூரியா சாக்கை உதறினேன் மேடம். அவ்வளவுதான்.”

“எதுக்கு உதறினீங்க?”

“நீங்கதானே சொன்னீங்க? மண்ணுல சத்து கிடைக்கலேன்னா, அடி இலை தன்கிட்ட இருக்கறதையெல்லாம் குருத்துக்குக் குடுத்துட்டு மஞ்சளாக் காஞ்சு போகும்னு. நான் ரெண்டு பிள்ளையப் பெத்தவன். தினமும் அதைப் பார்த்துட்டு எப்படி மேடம் சாப்பிடறது?”

“அப்ப ஆறுக்கு மட்டும் ஏன்?”

“சாக்குல அவ்வளவுதான் ஒட்டியிருந்துச்சு.”

விறுவிறுவென்று அறைக்குப் போய் அவர்மேல் ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதி மடித்துக்கொண்டேன். அதற்குள் கார் வந்துவிட்டது.

இயக்குநர் அந்த ஆறு செடிகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். என் வேலை போயே போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

“இதுக்கு என்ன போட்டீங்க?”

“யூரியா சார்,” என்று காவலாளி முந்திக்கொண்டார்.

“பிரமாதம்! ஒரே மண்ணு, ஒரே தண்ணி. யூரியா விழுந்தது பச்சை, விழாதது மஞ்சள். குறையறது தழைச்சத்து மட்டும்தான்னு இதைவிடப் பளிச்சுனு காட்ட முடியாதும்மா. யாரோட யோசனை?”

புகாரை இன்னும் சின்னதாக மடித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

“வாட்ச்மேன் அண்ணனோடது சார்.”

காவலாளியின் கையைக் குலுக்கிவிட்டு, நிரந்தர உத்தரவை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டு இயக்குநர் கிளம்பினார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கார் மறைந்ததும் காவலாளி மெல்லக் கேட்டார்.

“அதான் நிரூபிச்சாச்சே மேடம். மத்த பிள்ளைங்களுக்கும் சாப்பாடு போட்டுடலாமா?”

“அறுவடை வரைக்கும் ஒரு பருக்கைகூடக் கிடையாது!”

மாற்றாந்தாயைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். உர அறைச் சாவியைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாளிலிருந்து மூன்றாம் பாத்தியைத் தாண்டும்போது நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன்.