ஒற்றை ஒயர்

பொழுது சாயும் நேரத்தில் செல்லிப்பட்டில் கிழக்கிலிருந்து காற்று வரும். கரும்புத் தோட்டத்தை உலுக்கிவிட்டு, கலைவேந்தன் வீட்டுத் தோட்டத்துக்குள் நுழையும். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க விளக்கு அணைந்துபோகும். தெருவில் மற்ற வீடுகளிலெல்லாம் எரியும்.

"வந்துட்டியாமா?" என்று கலைவேந்தன் இருட்டைப் பார்த்துக் கேட்பான்.

ஒரே மகள் சுவேதா போன சித்திரையில் செத்துப்போனாள். பொழுதோடு துணி துவைத்துக் காயப்போடப் போனவள், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் கொடிக்கம்பி கட்டிய கம்பத்தடியில் விழுந்து கிடந்தாள். கரண்டாக இருக்குமோ என்று யாரோ முணுமுணுத்தார்கள். கலைவேந்தன் ஓடிப்போய் மீட்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தான்.

"பீஸ் போகலியே. லைட்டெல்லாம் எரியுது பாரு. கரண்டா இருந்தா பீஸ் போயிருக்கும்ல?"

அதற்கு மேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காத்து கருப்பு என்றார்கள். ரத்தமில்லாத உடம்பு என்றார்கள். அன்றே எடுத்துவிட்டார்கள்.

வருசத் தெவசத்துக்கு கலைவேந்தனின் மனைவி ஜெயசுதாவின் தம்பி எழிலரசன் பிரான்சிலிருந்து வந்தான். அங்கே வீடுகளுக்கு ஒயரிங் செய்வது அவன் தொழில். மீட்டருக்குக் கீழே இருந்த பீங்கான் பீஸ் கட்டையைப் பிடுங்கினான். உள்ளே கம்பி நாலைந்து முறுக்காக இருந்தது.

"இன்னா மாமா, இதுல யானைய கட்டலாம் போல கீது?"

"மெல்லிசா போட்டா மோட்டார் போட்டதும் பூடுது மச்சான்."

எழிலரசன் கையோடு கொண்டுவந்த வெள்ளை டிரிப்பரைச் சுவரில் பொருத்தினான். அக்காவிடம்தான் விளக்கினான். "அங்க இது இல்லாம ஒரு வூட்டுக்கும் ஒயரிங் பண்ண முடியாதுக்கா. பீஸு கம்பியத்தான் காப்பாத்தும். கம்பி உருகற அளவுக்குப் போனாத்தான் அறும். ஆளக் கொல்ற கரண்டு அதுக்குக் கொசுக்கடி. இது அப்டியில்ல. போன கரண்டு அப்டியே திரும்பி வருதான்னு பாத்துக்கினே இருக்கும். துளி பூமிக்குள்ள ஒழுவினாலும் அணைச்சிடும்."

"நம்ம வூட்டுல இன்னா ஒழுவப் போவுது?" என்றான் கலைவேந்தன்.

எழிலரசன் திரும்பிப் போனான். காற்று பலத்தது. வீடு அணையத் தொடங்கியது.

தெருக்கோடி எலக்ட்ரீசியன் சிங்காரவேலு வந்து வீட்டுக்குள் எல்லாவற்றையும் சோதித்தான். ஒன்றும் அகப்படவில்லை. "இது அந்த ஊரு சரக்குபா. நம்ம கரண்டு இதுக்கு ஒத்துக்கல. தூக்கிட்டு டைரக்டா குடுத்துடறேன்."

"கைய வச்சே, வெட்டிப்புடுவேன்," என்றான் கலைவேந்தன். "வர்றது எம் பொண்ணு."

சிங்காரவேலு ஜெயசுதாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருசமாக வாய் திறக்காத மனிதன் இருட்டில் பேசினான். நெல் விலையைச் சொன்னான். பசு விற்ற கதையைச் சொன்னான். பேசி முடித்துவிட்டுச் சாப்பிட்டான், தூங்கினான். டிரிப்பரின் விசையை மேலே தள்ளி விளக்கைத் திரும்பப் போட ஜெயசுதா அவசரப்படவில்லை. அவளும் காது கொடுத்து நின்றாள். மகளின் மூச்சு கேட்பது போலக்கூட இருந்தது.

ஒரு நாள் மாலை உலர்ந்த துணியை எடுக்கப் போயிருந்தாள். காற்று ஒரு சுழற்று சுழற்றியது. காலியான கொட்டகையில், எப்போதோ எரியாமல் போன குண்டு பல்பு கண்ணிமைக்கும் நேரம் எரிந்தது. அணைந்தது. திரும்பினாள். வீடும் இருண்டிருந்தது. உள்ளேயிருந்து கேட்டது: "வந்துட்டியாமா?"

காலையில் அவன் கழனிக்குப் போனதும் மெயினை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். வீட்டிலிருந்து பல்புக்கு ஒரே ஒயர்தான் வந்தது. பல்பிலிருந்து ஒரு துண்டு இறங்கி, கொடிக்கம்பி கட்டிய இரும்புக் கம்பத்துக்குப் போனது. கம்பத்தில் சுற்றியிருந்த இடத்தில் துருவேறி அறுந்து, அதன் முனை காற்றில் ஆடிக் கம்பத்தில் உரசியது. உரசும்போதெல்லாம் கரண்டு பூமிக்குள் ஒழுகி, டிரிப்பர் வீட்டை அணைத்திருக்கும். இதைக் கட்டிய நாளில் கலைவேந்தன் சிரித்தது நினைவுக்கு வந்தது. "ஒத்த ஒயர் போதும்டி. திரும்பிப் போவ பூமி கீது."

சுவேதா போனது சித்திரையில். கம்பத்தடி மண் சாம்பலாகக் காய்ந்திருந்தது. வந்த கரண்டு இறங்க வழியில்லாமல் கம்பத்திலேயே நின்றிருக்கும். துவைத்த தண்ணீரில் கால் வைத்து நின்றபடி சுவேதா ஈரத்துணியைக் கம்பியில் போட்டிருப்பாள். அந்த நேரம் பல்பு கொஞ்சம் கூடுதலாக எரிந்திருக்கும். பீஸ் போயிருக்காது.

வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இதைச் சொன்னால் அவன் உயிரோடு இருக்கமாட்டான். சொல்லாமல் விட்டுவைத்தால் இன்னொரு கை அந்தக் கம்பியைத் தொடும். எழுந்து போய் அரிவாளை எடுத்துவந்து ஒயரை இரண்டு பக்கமும் அறுத்தாள். சுருட்டிப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டு மெயினைப் போட்டாள்.

அன்று மாலை காற்று வந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கலைவேந்தன் நாற்காலியில் காத்திருந்தான். அவள் தட்டை வைத்தாள். அவன் தொடவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாட்களிலும்.

"நான் அவள எதனா ஏசிட்டனா சுதா?"

அவள் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். தலைக்கு மேல் எரிந்த விளக்கு அவன் முகத்தின் எலும்பையெல்லாம் காட்டியது.

எழுந்து சுவரோரம் போனாள். டிரிப்பர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக அதில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அவன் முதுகைப் பார்த்தபடி அழுத்தினாள்.

வீடு இருண்டது.

"எங்கம்மா போன, இத்தினி நாளு?" நாற்காலி கிறீச்சிட்டது. "தோ, உங்கம்மா கூட இங்கதான் கீறா. அவகிட்டயும் ஒரு வார்த்த பேசேன்."

பொத்தான் மேலிருந்த விரலை எடுக்காமல், மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காதபடி ஜெயசுதா நின்றாள்.