ஆறு கெஜம் வெண்டைக்காய்

டாக்டரம்மா மேரி எங்கள் இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்துத்தான் சொன்னார். "மூணு மாசம் தறி கூடாது. தறியில காலை வச்சு மிதிக்கக் கூடாது. கனமா எதையும் தூக்கக் கூடாது. உள்ள போட்ட தையல் விட்டுச்சுன்னா அப்புறம் தறியை மறந்துட வேண்டியதுதான்." என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை இருபது வருஷமாகப் பார்த்து வருகிறேன். மளிகை சாமான் சொன்னாலும் அப்படித்தான் ஆட்டுவார், பாதி சாமான் வராது.

அவர் பெயர் குமரகுரு. பதினாலு வயதில் தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டவர், சோற்றுக்கும் தூக்கத்துக்கும்தான் எழுந்து வந்திருக்கிறார். எங்கள் கல்யாணத்தில் மணையில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூரைப்புடவை முந்தியைத் திருப்பிப் பார்த்து, "இது யாரு நெய்ஞ்சது? கரை சேர்ற எடத்துல இஸ்துக்கினு இருக்குதே" என்றார். அப்பேர்ப்பட்ட மனுஷனைக் குடலிறக்க ஆபரேஷன் பண்ணி, கோடை லீவு முழுக்க என் தலையில் கட்டி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே தறிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கேட்டால், தூசி தட்டுகிறாராம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தறியில் பாதிப் புடவை நின்றுகொண்டிருந்தது, வைகாசி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டியது. காலை ஐந்து மணிக்கு நானே ஏறி உட்கார்ந்து எட்டு மணி வரை நெய்வேன். அவர் நெய்வதில் பாதி வேகம்தான் எனக்கு. ஆனால் நான் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவர் உட்கார முடியாதல்லவா.

பிறகுதான் நரகம். சித்திரை வெயில், வீட்டுக்குள் மூன்று பேர், ஒரு மின்விசிறி. மகள் அபிநயா பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வருகிறவரை போனும் கையுமாகப் படுத்துக் கிடந்தாள், ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டாள். இவரோ சாம்பாரில் புளி எத்தனை சுளை என்று விசாரித்தார். அபிநயாவின் துப்பட்டாக்களை எல்லாம் பிரித்து, கடைக்காரன் விட்ட மடிப்பு கோணல் என்று திரும்ப மடித்தார். வாசலில் நாற்காலி போட்டு, ஐயம்பேட்டைக்குப் போகிற ஷேர் ஆட்டோ எத்தனை என்று எண்ணினார். முப்பத்தொன்று. அதை என்னிடம் வந்து வேறு சொன்னார்.

"மா, அப்பாவுக்கு எதாச்சும் வேலை குடும்மா. பேஜாரா இருக்குது" என்று அபிநயா கெஞ்சினாள்.

வேலையைக் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி. பிறந்த வீடு கூரம், விவசாயக் குடும்பம். பிள்ளையார்பாளையத்துக்கு வாழ வந்து பத்து வருஷமாகியும், மழை பெய்தால் முதலில் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடித் துணியைப் பார்ப்பாள். "பின்னாடி எடம் சும்மாதானே கெடக்குது, குழலிக்கா. அண்ணனுக்கு ஒரு தோட்டம் போட்டுக் குடு" என்றாள். ஏலவார்குழலி என்ற பெயரைக் கோயிலில் அம்மனுக்குத்தான் முழுசாகச் சொல்வார்கள், எனக்கு வெறும் குழலிதான்.

கூரத்திலிருந்து அவள் தம்பி ஒரு வண்டி செம்மண்ணும் எருவும் கொண்டுவந்து கொட்டி, கொத்தியும் கொடுத்துவிட்டுப் போனான். கிருஷ்ணவேணி வெண்டை விதையும் கீரை விதையும் கொடுத்து, "வெண்டைக்கு நடுவுல கீரையை ஊடுபயிரா போடுங்கண்ணா, அவ்வளவுதான்" என்றாள்.

அங்கேதான் வந்தது வினை. ஊடுபயிர் என்று அவள் சொன்னது இவர் காதில் ஊடை என்று விழுந்திருக்கிறது. தறியில் நீளவாட்டில் ஓடுகிற இழை பாவு, குறுக்கே ஓடுகிற இழை ஊடை. இவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "அட, இது நம்ம வேலைதானே! நானு இன்னாமோ ஏதோன்னு பயந்துக்கினு இருந்தேன்" என்றார்.

நூல் பிடித்துப் பார்த்துப் பார்த்து விதை போட்டார். நீளம் சரியாக ஆறு கெஜம், அகலம் நாற்பத்தெட்டு அங்குலம். நீளவாட்டில் வெண்டை பன்னிரண்டு வரிசை, அதுதான் பாவு. குறுக்கே கீரை, அது ஊடை. இரண்டு ஓரத்திலும் சிவப்புத் தண்டுக்கீரை, அது கரை. சுவர் ஓரம் முடிகிற இடத்தில் ஒரு முழத்துக்குக் கத்திரி. எதற்கு என்று கேட்டேன். "முந்தி இல்லாம பொடவையா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

எட்டாம் நாள் முளைத்தது. பொய் சொல்ல மாட்டேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. இவருக்கோ தலைகால் புரியவில்லை. தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். தறிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கச்சபேஸ்வரருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

கிருஷ்ணவேணி மட்டும் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாண்ணா இது? வரிசைக்கு வரிசை ஒரு சாண் கூட இல்லியே! செடி எப்படி மூச்சு விடும்?"

"நெருக்கமா இருந்தாத்தாம்மா பட்டு. எட்ட எட்ட இருந்தா அது கொசுவலை."

"நாலுல மூணைப் புடுங்கிப் போட்டுடுங்க. இல்லேன்னா ஒண்ணுகூட காய்க்காது, எல்லாம் சுருண்டுடும்."

இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பெற்ற பிள்ளைகளில் நாலில் மூன்றைத் தள்ளிவிடச் சொன்ன மாதிரி நின்றார். "பாவுல ஒரு இழை அறுந்தாலே நானு தறியை நிறுத்திட்டு முடி போடறவன். நல்லா இருக்கற இழையை நானே புடுங்கறதா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே என்றால் தறி இருக்கிற அறைக்கு.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதே கணக்குப் போட்டேன். பிடுங்காவிட்டால் செடி சாகும், செடி செத்தால் நேராகத் தறியில் ஏறுவார். அவருக்குத் தெரிந்து பிடுங்கினால் கோபத்தில் அன்றைக்கே ஏறுவார். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாற்பது நாளுக்கு மேல் இருந்தது. மிச்சம் ஒரே வழி, தெரியாமல் பிடுங்குவதுதான்.

டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருந்ததால் தினமும் சாயந்திரம் அவர் கோயிலுக்கு நடந்து போவார். அவர் தெருமுனை திரும்பியதும் அபிநயா வாசலில் காவல் நிற்பாள், நான் பின்னால் போய் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துச் செடி பிடுங்கி முறத்துக்கு அடியில் மறைத்து எடுத்துப் போய், கிருஷ்ணவேணி வீட்டுக் குப்பைக்கூடையில் போடுவேன். நடுவில் மண்ணைத் தட்டிச் சமன்செய்துவிடுவேன். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

கட்டின பெண்டாட்டி நான், மறந்தே போய்விட்டேன், இவர் எண்ணுகிறவர் என்பதை.

"எரநூத்தி நாப்பது இருந்துது. இன்னிக்கு எரநூத்தி முப்பது" என்றார் மறுநாள் காலையில், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு.

"அணிலா இருக்கும்பா" என்றாள் அபிநயா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அணிலு கடிச்சா துண்டு கெடக்கும். இது வேரோட போயிருக்குது." மூன்றாம் நாள் துப்பு துலக்கிவிட்டார். கிருஷ்ணவேணி வீட்டுச் சிவப்புக் கோழிதான் திருடி. நாலாம் நாள் மதில் ஓரம் நின்று சத்தம் போட்டார். "உன் கோழியைக் கட்டிப் போடும்மா! எண்ணிப் பத்து இழை, எண்ணிப் பத்து இழை தின்னுக்கினு போவுது!"

கிருஷ்ணவேணி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். "கோழி எண்ணித் தின்னுமாண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பாவம், கோழியைக் கூடையில் போட்டுக் கவிழ்த்தாள். அந்தக் கோழி ஒரு வாரம் செய்யாத குற்றத்துக்கு உள்ளே கிடந்தது. அப்படியும் தினம் பத்துச் செடி குறைந்ததுதான் இவருக்குப் பிடிபடவில்லை.

ஒரு சாயந்திரம் அவர் செருப்பு வார் அறுந்துவிட்டது. பாதி வழியில் திரும்பிவிட்டார். வாசலில் காவல் நிற்க வேண்டிய அபிநயா போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். கையும் களவுமாக, இரண்டு கையிலும் வெண்டைக் கன்றோடு, முந்திப் பக்கமாகக் குந்தியிருந்த என்னை அவர் பார்த்தார்.

"குழலி! நீயா?"

அசடு வழிந்திருக்க வேண்டும் நான். ஆனால் எனக்கு வந்தது கோபம். பத்து நாளாக அடக்கி வைத்தது எல்லாம் பொங்கிவிட்டது. "ஆமா, நாந்தான்! கோழியும் இல்ல, கொக்கும் இல்ல, நாந்தான் புடுங்கினேன். இந்தத் தோட்டம் செத்துப்போச்சுன்னா நீ நேரா போயி தறியில உக்காருவ. தையல் விட்டுப்போவும். உனுக்கு ஒண்ணுன்னா நானு இன்னா பண்ணுவேன்? உன் இழைக்கு முடி போட்டுக்கலாம், உனுக்கு எங்கய்யா முடி போடறது?" வாய் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை. அழுதுவிட்டேன். கையில் இருந்த கன்றுகளைக் கீழே போடவும் தோன்றவில்லை.

அவர் கையிலிருந்த அறுந்த செருப்பைச் சுவர் ஓரம் வைத்தார். "இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். பிறகு மதிலைப் பார்த்தார். "இப்ப நானு போயி கோழிகிட்ட இல்ல மன்னிப்பு கேக்கணும்!"

கேட்டார். கோழியிடம் இல்லை, கிருஷ்ணவேணியிடம். மறுநாள் அவளையே கூட்டிவந்து பிடுங்கச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். ஒவ்வொரு செடி வரும்போதும் "ச்சு" என்று சத்தம் மட்டும் வந்தது. பிடுங்கியதைக் குப்பையில் போடச் சம்மதிக்கவில்லை. பெயின்ட் வாளி, உடைந்த குடம், பழைய குக்கர் என்று கிடைத்ததில் எல்லாம் நட்டுத் தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். வெண்டையைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது என்று கிருஷ்ணவேணி தலையில் அடித்துக்கொண்டாள். பாதிக்கு மேல் பிழைத்தது.

வைகாசி பாதியில் காய்க்கத் தொடங்கியது பாருங்கள், நிற்கவே இல்லை. சாம்பாரில் வெண்டைக்காய், காரக்குழம்பில் வெண்டைக்காய், மோர்க்குழம்பில் வெண்டைக்காய். அபிநயாவுக்கு ரிசல்ட் வந்து, அறுநூற்றுக்கு ஐநூற்று நாற்பது வாங்கியதற்கு இனிப்புக்குப் பதில் வெண்டைக்காய் கொடுத்தோம். வாங்க ஆள் இல்லை, எல்லார் வீட்டு வாளியிலும் காய்த்திருந்தது. என்னைப் பார்த்தால் தெருப் பெண்கள் கதவைச் சாத்தினார்கள்.

ஆனி மாதம், தேதி வந்தது. நாலு கிலோ வெண்டைக்காயைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பையை எட்டிப் பார்த்துவிட்டு, "தோட்டமா? பெருசா?" என்றார்.

"ஆறு கெஜம்மா" என்றார் இவர் பெருமையாக.

"இந்த வெயில்ல நெறைய தண்ணி வேணுமே. டியூப் போட்டிருக்கீங்களா?"

"இல்லம்மா. தொட்டி வாசல்ல, தோட்டம் கொல்லையில. டியூப் எட்டாது. நானே எடுத்துக்கினு போயி ஊத்திடுவேன். வெயிலுக்கு முன்னாடி, காலையில."

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. காலையில் ஐந்திலிருந்து எட்டு வரை நான் தறியில். அவர் தறியில் ஏறாமல் இருக்க நான் ஏறி உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் இந்த மனுஷன் வாசலுக்கும் கொல்லைக்கும் தண்ணீர் சுமந்திருக்கிறார். தோட்டத்தைப் போட்டுக் கொடுத்தவள் நான். தினமும் நனைந்திருந்த மண்ணைப் பார்த்தும், யார் ஊற்றினார்கள் என்று ஒரு நாள் யோசித்தேனா, பாவி?

டாக்டரம்மா அவரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனார். இருமச் சொன்னார், இன்னொரு தரம் இருமச் சொன்னார். நான் வெளியே உட்கார்ந்து என்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

திரை விலகியது. "சுத்தமா ஆறியிருக்கு. தறியில தாராளமா உக்காரலாம்" என்றார் டாக்டரம்மா. பிறகு இவரைப் பார்த்து, "தண்ணி எத்தனை குடம் தூக்குவீங்க?" என்றார்.

"குடமா? குடத்தை யாரும்மா தொட்டாங்க? சொம்புலதான். இந்தக் கையில ஒரு சொம்பு, அந்தக் கையில ஒரு சொம்பு. செடிக்கு ஒண்ணு. மொதல்ல தெனம் நூத்தி இருபது நடை ஆச்சு, இவங்க புடுங்கினப்புறம் கொறைஞ்சுபோச்சு. நீங்கதானே நடக்கச் சொன்னீங்க?"

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இத ஏங்க எங்கிட்ட சொல்லல? ஒரு நிமிஷத்துல உசுரு போயி வந்துது."

"நீ கேக்கல" என்றார். ஷேர் ஆட்டோ வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே, மெதுவான குரலில் சொன்னார்: "உனுக்கு மட்டுந்தான் பயமா, குழலி? கண்ணை மூடினா எனுக்குத் தறிதான் தெரியுது. தறியை மறந்துட வேண்டியதுதான்னு டாக்டரம்மா சொன்ன அன்னிலேர்ந்து ராத்திரி தூக்கம் இல்ல. தூசி தட்டறேன்னு கிட்டப் போயி நிப்பேன். குழியில காலு வச்சதில்ல. ஒரு நாள்கூட வச்சதில்ல."

மூன்று மாதமாக அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

ஆட்டோ வந்தது. அவர் என் பக்கம் கையை நீட்டினார். "பையைக் குடு. இனிமே தூக்கலாம்ல?" பழக்கதோஷத்தில் பையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் நீட்டிய கையை எடுக்கவில்லை. கொடுத்துவிட்டேன். பெரிய கனமொன்றும் இல்லை, இரண்டு கிலோதான் இருக்கும். டாக்டரம்மாவும் பாதியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்.