ஒற்றை வளையம்

சேவுகம்பட்டியில் பொன்னுத்துரை புது அறை கட்டத் தொடங்கிய வருஷம்தான் அவர் மனைவி சுந்தரம்மாளுக்குச் சோறு தொண்டையில் இறங்க ஆரம்பித்தது. அதற்கு முன்னால் சாப்பிட்டதெல்லாம் பேருக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் படுக்கை, பெட்டி, சேலைக்கொடி எல்லாம் இரண்டு குலுக்கைகளுக்கு நடுவில். நெல் கொட்டி வைக்கிற அந்த மண் குலுக்கைகள் ஆள் உயரத்துக்கு நிற்கும். பின்னால் சுவர், அதில் ஒரு துவாரம் கிடையாது. சன்னல் வைத்தால் எலி வரும் என்பது மாமியார் மூக்காயி போட்ட சட்டம். பகலிலும் விளக்கு வேண்டும். வயிற்றில் தங்கியது இரண்டு தடவை தங்காமல் போனதும் அந்த இருட்டில்தான். அப்புறம் அவளுக்குக் காரணமில்லாமல் நெஞ்சு அடைக்கும். கரண்டியைக் கையில் எடுத்துவிட்டு, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் நிற்பாள். பாவம், அதற்கு என்ன பெயர் என்றுகூட அவளுக்குத் தெரியாது, கண்ணுகளா.

அவளிடம்தான் ஒரு நாள் பொன்னுத்துரை கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏ புள்ள, கெழக்கால ஒரு ரூம்பு எடுக்கப் போறேன். எப்படி இருந்தா மனசுக்கு இதமா இருக்கும், சொல்லு பாப்பம்."

சுந்தரம்மாள் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

"என்னையவா கேக்குறீங்க?"

"பின்ன, குலுக்கையவா கேக்குறேன்?"

அவள் சிரித்தாள். சிரித்து எத்தனை நாளோ.

திண்டுக்கல்லிலிருந்து சூசைராஜ் கொத்தனார் வந்து நூல் பிடித்தார். சுந்தரம்மாள் கூடவே நின்றாள்.

"உக்காந்தா கண்ணுக்கு நேரா வரணும் சன்னல். நின்னு எக்கிப் பாக்குற சன்னல் எதுக்கு?"

"போறவன் வாரவன் பாப்பானே தாயி?"

"கெழக்க ரோடா இருக்கு? மல்லிப் பாத்திதான இருக்கு. மல்லி பாத்தா பாத்துட்டுப் போகுது."

அடுப்புப் புகை வராதபடி வாசலை வடக்கே திருப்பச் சொன்னாள். படுத்தபடி கை நீட்டினால் தண்ணீர்ச் செம்பு எட்டுகிற இடத்தில் ஒரு மாடக்குழி. வெறுங்காலுக்குக் குளுமையாகச் சிவப்பு சிமெண்டுத் தரை. சுண்ணாம்பில் துணிக்குப் போடுகிற நீலத்தைத் துளித் துளியாகக் கலந்து, விடிகிற நேரத்து வானம் மாதிரி ஒரு வெளுப்பு. சுவரில் ஓர் ஆணி அடிக்கக் கூடாது. சன்னலுக்கு எதிரே ஓர் ஊஞ்சல். எல்லாவற்றுக்கும் பொன்னுத்துரை "சரி" என்றார். உப்புக்கும் கேள்வி கேட்கிற மூக்காயி ஒரு வார்த்தை பேசவில்லை. வயசாச்சு, அத்தைக்கு மனசு கனிஞ்சிருச்சு என்று சுந்தரம்மாள் நினைத்துக்கொண்டாள்.

சுவர் எழும்பியபோது ஒரு தேங்காய் வியாபாரியைப் பொன்னுத்துரை அழைத்து வந்தார். அவருக்கு மோர் கொடுத்து, அறையைச் சுற்றிக் காட்டியவளும் அவள்தான். "இந்தச் சன்னல் கிட்ட செத்த நேரம் உக்காந்து பாருங்க, மனசு லேசாயிரும்" என்றாள். "ரொம்ப நல்லா இருக்குதுங்க அம்மிணி" என்றார் அவர்.

தரை காய்ந்து, சுவருக்கு ஒரு கை வெள்ளையும் அடித்த அன்று போய் உத்திரத்தை அண்ணாந்து பார்த்தாள். நடுவில் ஒரே ஓர் இரும்பு வளையம்.

"என்ன கொத்தனாரே, ஊஞ்சலுக்கு நாலு வேணுமில்ல?"

"அய்யா ஊஞ்சல் வேணாம்னுட்டாரு தாயி. தொட்டிலுக்கு ஒத்த வளையம் போதும்னாரு." சூசைராஜ் குரலைத் தாழ்த்தினார். "எத்தன மாசம்? நான் கேக்கக் கூடாதுதேன். மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துறேன்."

மாசம் ஏது? ஆனால் அவள் இல்லையென்று சொல்லவில்லை. தானே கைவிட்டதை அந்த மனுஷன் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாரே என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று அவருக்குப் பிடித்த கத்தரிக்காய் வெஞ்சனம் வைத்தாள். இலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கே விட்டுப்போன நம்பிக்கை ஒங்களுக்கு விடலையேங்க."

"என்ன நம்பிக்கை?"

"வளையத்தப் பாத்தேன்."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. உள்ளேயிருந்து மூக்காயியின் குரல் வந்தது.

"சொல்லித் தொலையேன் அப்பு. தையில ஊருக்கே தெரியப் போகுது."

அவர் இலையோடு பேசினார். "தொப்பம்பட்டிப் பொண்ணு. எட்டாவது படிச்சிருக்கு. இருட்டு வீட்டுக்கு மகளை அனுப்ப மாட்டேன்னு அவுக அய்யா கறாராச் சொல்லிட்டாரு. அன்னைக்கு வந்து மோர் குடிச்சாரே, அவருதேன். ஒன்னைய எங்கயும் போகச் சொல்லல. நீ எப்பவும் போல இங்கனயே இருக்கப் போற."

"அப்ப என்னையக் கேட்டது?"

"எனக்கென்னா தெரியும் சுந்தரம்? நீதேன் அம்புட்டும் சரியாச் சொல்லுவ. அவரு சொக்கிப் போயிட்டாரு, தெரியுமா?"

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அதில் கள்ளமே இல்லை. கள்ளம் இருந்திருந்தால் அவளால் கத்தியிருக்க முடியும்.

அடுப்புக்கரியை அள்ளிக்கொண்டு புது அறைக்குப் போனாள். சுவரில் கரியை இழுப்பதற்காகக் கையை ஓங்கினாள். சன்னல் வழியே மல்லி வாசத்தோடு காற்று வந்தது. காலுக்குக் கீழே தரை குளுகுளுவென்றிருந்தது. ஊஞ்சல் நீங்கலாக, அவள் நினைத்ததெல்லாம் ஒன்றுகூடத் தப்பாமல் அமைந்திருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கரியை வெளியே கொட்டிவிட்டுக் கையைக் கழுவினாள்.

மறுநாள் காலையில் இரண்டாவது கை வெள்ளை அடிக்க நீலப் பொட்டலத்தோடு வந்த சூசைராஜைக் குலுக்கை அறைக்குக் கூப்பிட்டாள்.

"இந்தச் சுவரப் பொளந்து ஒரு சன்னல் வையுங்க."

"இது மேக்குச் சுவராச்சே தாயி. மத்தியானத்துக்கு மேல வெயில் பொசுக்கிப்புடும்."

"கெழக்கதேன் ரூம்பு வந்து அடைச்சிருச்சே. பொசுக்கட்டும்."

"எலி வரும்டி!" என்றாள் மூக்காயி.

"இம்புட்டு நாளும் வராமலா இருந்துச்சு அத்தை?"

கொத்தனார் கடப்பாரையைப் பிடித்தபடி, வாசலில் நின்ற பொன்னுத்துரையின் முகத்தைப் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை?" என்றாள் சுந்தரம்மாள். "அந்த ரூம்ப என்னையக் கேட்டுத்தான கட்டுனீங்க? இதுக்கும் என்னையவே கேளுங்க."

பொன்னுத்துரை வாசலை விட்டு நகர்ந்து போனார். கடப்பாரை விழுந்தது. முதல் கல் பெயர்ந்தபோது வெளிச்சம் ஒன்றும் கொட்டிவிடவில்லை. காலையில் மேற்கே ஏது வெயில்? புழுதிதான் அவள் முகத்தில் அடித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அளவு பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் கீழ இறக்குங்க" என்றாள்.